கடுஞ்சொல்லும் இரண்டு நாழிகையும்



தசலக்ஷண பர்வத்தின் முதல் நாளில் உத்தம க்ஷமையைப் பற்றிக் கேட்கின்றோம். பர்வம் நிறைவுற்றபின் ஒருவரையொருவர் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டுகின்றோம். யாரிடம் வேண்டுகின்றோம்? பெரும்பாலும் நம்முடன் பிணக்கே இல்லாதவரிடம்! பாகப்பிரிவினையில் முகம் முறிந்த உடன்பிறந்தாரிடமும், ஜினாலயக் கணக்கைக் கேட்டதனால் விலகிப்போன சுற்றத்தாரிடமும் செல்ல நம் கால்கள் எழுவதில்லை.

அத்தகைய பேச்சு எளிதன்று என்பதை நம் புராணங்களே ஒப்புக்கொள்கின்றன. பகவான் பார்சுவநாதரின் முற்பிறவியாகிய மருபூதி, தனக்குப் பெருந்தீங்கு இழைத்த தமையன் கமடனைத் தேடிச் சென்றான். அரவிந்த மன்னன் தடுத்தும் கேளாமல் சென்று அடிபணிந்தான். சினம் தணியாத கமடனோ, தவத்திற்கென ஏந்திநின்ற பாறையை அவன்மீது போட்டுக் கொன்றான். அப்பகை பிறவிதோறும் தொடர்ந்தது. கழுகுமலையில் ஐயனின் திருவுருவருகே பாறையை ஓங்கிநிற்கும் உருவத்தைக் கண்டவர் இதனை மறக்க இயலாது. மருபூதியைக் குறைகூற நாம் யார்? ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதாது, எதிரில் இருப்பவரின் நிலையும் வேளையும் அறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்குகின்றது.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளைக் கூறுகின்றார். சினம், பேராசை, அச்சம், நகையாடல் ஆகிய நான்கையும் விடுதல், ஆராய்ந்து பேசுதல். இவற்றுள் நகையாடலைச் சேர்த்த நுட்பம் வியக்கத்தக்கது. பங்காளிகள் கூடிய இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு குத்தல், சினந்து சொன்ன பத்துச் சொற்களைக் காட்டிலும் ஆழத் தைப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

சினத்தின் கால அளவையும் நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். நீரில் இட்ட கோடு போன்றது சஞ்சுவலனம். அதன் வாசனை ஒரு முகூர்த்தத்திற்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், அடங்கும். மணலில் இட்ட கோடு போன்றது 15 நாட்களும், நிலத்தில் பிளந்த கோடு போன்றது ஆறு மாதமும் நிற்கும். அதனையும் கடந்து நிற்பது அனந்தானுபந்தி. பாறைப் பிளவு போன்ற அது நற்காட்சியையே கெடுக்கும். அண்ணன் வீட்டு வாயிலை மிதித்து ஆறு மாதம் கடந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். இஃது ஊராரின் பேச்சுக்காக எண்ணும் கணக்கன்று. நம் சம்யக்த்துவத்தின் கணக்கு.

ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை. நாம் சாமாயிகம் செய்யும் காலமும் அதுவே. ஆதலின் கடினமான பேச்சுக்குப் புறப்படுமுன் இரண்டு நாழிகை சாமாயிகத்தில் அமர்தல் நலம். அமர்ந்தெழுந்த பின்னும் சொல்லத் தோன்றுவது எதுவோ, அதுவே சொல்லத் தக்கது. மேடையில் அநேகாந்தம் பேசும் நாம் முற்றத்தில் ஏகாந்தவாதிகள் ஆகிவிடுகின்றோம். “ஒருவகையில் நீ சொல்வதும் உண்மை” என்னும் சொல் உடன்பிறந்தாரிடம் மட்டும் வர மறுப்பதேன்?

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், களத்துமேட்டு வழியைப் பற்றிய வழக்கால் அண்ணனும் தம்பியும் நெடுநாள் பேசவில்லை. ஒருநாள் தம்பி சென்றார். பத்திரத்தையும் எடுத்துச் செல்லவில்லை, சாட்சிக்கு ஆளையும் அழைத்துச் செல்லவில்லை. “அண்ணா, அன்று பலர் நடுவே உங்களைப் பொய்யர் என்றேன். அது தவறு. வழியைப் பற்றி நான் எண்ணுவது வேறு, அதைப் பிறகு பேசலாம்” என்றார். நிலத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை, சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை. தமையனார் நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. தம்பியும் அவரை நெருக்காமல் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். மாலை வெயில் முற்றத்தை விட்டு ஏறத் தொடங்கியபோது பெரியவர் எழுந்தார்.

“பொழுது சாயப்போகிறது. உள்ளே வந்து முதலில் சாப்பிடு” என்றார்.