சேவையில கொடுக்கறது யாரு?



2023 டிசம்பர் 17, ஞாயிறு ராத்திரி. திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயிலால ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியல. அந்த ஒரே நாள்ல காயல்பட்டினத்துல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தண்டவாளத்துக்குக் கீழ இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தோட போயிருச்சு. ரயில்ல சுமார் 800 பேர், அதுல செந்தூரானைப் பாத்துட்டுத் திரும்பின அடியார்களும் உண்டு. சிக்கிக்கிட்டவங்களுக்குச் சமைச்சுப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க. சுத்தி வெள்ளம், வெளியிலிருந்து சாமான் வர வழியில்ல. கையிருப்பு அரிசிதான்.

இப்ப சொல்லுங்க, அங்க பாதிக்கப்பட்டவங்க யாரு, தன்னார்வலர் யாரு?

நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. நாம மேல நிக்கிறோம், அவங்க கீழ நின்னு கை நீட்டுறாங்க. சேவைக்குப் போற பலரும் இந்தப் படத்தோடதான் வண்டி ஏறுறாங்க. பழைய துணி மூட்டை மூட்டையா போய் ரோட்டோரம் மட்கிக் கிடக்கறது இதனாலதான். சுனாமியப்பவும் இதே கதை. "இல்லாதவங்கதானே, எதுனாலும் வாங்கிப்பாங்க"ங்கிற நினைப்பு. புண்ணியக் கணக்கு நமக்கு, குப்பை அவங்களுக்கு.

திருமுருகாற்றுப்படை தெரியும்ல? ஆற்றுப்படைன்னா வழிகாட்டி அனுப்பறது. வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்றவர், எதிர்ல வர்ற இன்னொருத்தருக்கு "இந்தப் பக்கம் போ"ன்னு சொல்றது. பாடுறவர் வள்ளல் இல்ல, அவரும் வாங்கினவர்தான். நக்கீரர் நம்மள முருகன்கிட்ட அனுப்பறதும் அந்த வழியிலதான். வெள்ளம் வந்த ஊருக்குப் போற நாமளும் அந்த இடத்துலதான் நிக்கிறோம்னு எனக்குத் தோணுது.

அப்படி நினைச்சுட்டா வேலையே மாறிடும். பொட்டலம் கொடுத்துட்டுத் திரும்ப மாட்டோம், வீட்டுக்குள்ள போவோம். சேறு காஞ்சா கல்லாயிடும், ஈரமா இருக்கறப்பவே வழிக்கணும். ஆனா எதைத் தூக்கிப் போடறதுன்னு வீட்டுக்காரங்கதான் சொல்லணும். ஊறிப்போன கல்யாண ஆல்பம் நமக்குக் குப்பை, அவங்களுக்கு அப்படியில்ல. ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைங்க சர்டிபிகேட் எல்லாம் ஈரத்துல ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, கிழிஞ்சுடும். நிழல்ல காய வைங்க. அந்த வெள்ளத்துக்கு அரசு கொடுத்த 6000 ரூபாயும் ரேஷன் கடை வழியாத்தான் வந்தது. கார்டு தொலைஞ்ச பாட்டிக்கு அலையறதும் சேவைதான். லைக் வராது, அவ்வளவுதான்.

"போட்டோ போட்டாத்தானே இன்னும் நாலு பேர் பணம் அனுப்புவாங்க?" நியாயமான கேள்வி. பில்லைப் போடுங்க, கழுவின வீட்டைப் போடுங்க. கை நீட்டி நிக்கிற ஒரு அம்மா முகம் எதுக்கு? நாளைக்கு அவங்க பையன் போனுக்கே அது வரும்.

இன்னொண்ணு. சேறு அள்ளி முடிச்சதும் அந்த வீட்டு அக்கா எங்கயோ அடுப்பைப் பத்தவெச்சு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொண்டு வருவாங்க. "உங்களுக்கே இல்ல, எங்களுக்கு எதுக்குக்கா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உக்காந்து வாங்கிக் குடிங்க.