அடுத்த மேனேஜர் யார்?

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து நாலு மேட்ச் தோற்றால் ரசிகர்களின் முதல் கேள்வி, ‘என்ன கோளாறு?’ அல்ல, ‘அடுத்த மேனேஜர் யார்?’

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1986-ல் வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் மூன்று வருடமாக ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை. 1989 செப்டம்பரில் உள்ளூர் எதிரி மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை. டிசம்பரில், அவரைக் கிளம்பச் சொல்லி மைதானத்திலேயே பேனர் பிடித்தார் ஒரு ரசிகர். நிர்வாகம் பொறுத்தது. 1990-ல் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 2013-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 13 லீக் பட்டங்கள்!

அவர் சிபாரிசில் அடுத்து வந்தவர் டேவிட் மோய்ஸ். ஆறு வருட ஒப்பந்தம். 2014 மார்ச்சில், மோய்ஸ் வேண்டாம் என்று விமானத்தில் பேனர் பறக்கவிட்டார்கள் சிலர். ஏப்ரலில் வேலை போச்சு.

முதல் பேனர்காரர் அவசரக்குடுக்கை, அடுத்தவர்கள் தீர்க்கதரிசிகள் என்கிறோம். நியாயமா? இரு தரப்பின் கையிலும் இருந்தது தோல்விப் பட்டியல்தான். தவிர, அதே மோய்ஸ் 2023-ல் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கித் தந்தார்!

ஆக, பொறுமை நல்லதா என்பதல்ல கேள்வி. எதைப் பார்த்துப் பொறுப்பது? தோற்றுக்கொண்டிருந்த வருடங்களில் ஃபெர்குசன், திறமையான சிறுவர்களைத் தேடிப்பிடித்துப் பழக்கும் ஏற்பாட்டையே புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஸ்கோர்போர்டில் அது தெரியாது. லாப நஷ்டக் கணக்கோடு பேலன்ஸ் ஷீட்டையும் புரட்ட வேண்டும், சார்!

புரட்டியும் ஒன்றும் இல்லையா? தாராளமாக அனுப்புங்கள். புரட்டாமலே ஒருத்தர் வேலையைப் பறித்தால், அடுத்த மேட்ச்சை ஜெயித்தாலும் அது நியாயமில்லை, வெறும் அதிர்ஷ்டம்.