கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவே

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்ஸ்கூட்டர் தயாரிக்கும் ஓலா எலக்ட்ரிக்கின் பங்கு 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு வெளிவந்தது. அதே மாதம் 150-ஐத் தாண்டியது, மறு ஆண்டே 50-க்குக் கீழே விழுந்தது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம். தி.நகரிலோ அடையாறிலோ ஒரு சம்பளக்காரர், விழ விழ அதை வாங்கிச் சேர்த்து, என்றாவது ஏறும் என்று காத்திருந்தால் அது நம்பிக்கையா, சூதா? மயிலாப்பூரில் பிறந்தவராக மரபு சொல்லும் வள்ளுவர், சூதை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே, 94-ஆம் அதிகாரமாக வைத்தார். பாவம் என்பதைவிட அறிவை மயக்கும் நோயாகவே அதைக் கண்டார் என்று இந்த வரிசையை நான் வாசிக்கிறேன்.

மழையை நம்பி விதைக்கும் உழவரும் சூதாடியா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் உழவர் களை எடுக்கிறார், மடை திருப்புகிறார், மழை பொய்த்தால் பயிரை மாற்றுகிறார். நூறு பங்கு வைத்திருப்பவரால் ஆலையில் ஒரு திருகைக்கூட முடுக்க முடியாது. அவரால் செய்ய முடிந்தது கணக்கைப் படிப்பது ஒன்றுதான்: எத்தனை வண்டி விற்றது, நஷ்டம் குறைகிறதா? படித்துத் துணிபவரை நான் குறை சொல்லமாட்டேன். படிக்க அஞ்சி, 76 திரும்பி வரட்டும் என்று மட்டும் வேண்டுகிறவர் ஆடுவது சூதுதான். தன் பணம்தானே என்பார்கள். சம்பளக் குடும்பத்தில் தன் பணம் ஏது? பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் அதே வங்கிக் கணக்கிலிருந்துதான் போகின்றன.