கச்சேரிக்காரனும் பஞ்சசீலமும்

கலியாண வீடுகளில் விடிய விடியப் பாடி, ரயிலில் உறங்கி, கொடுத்ததைப் பெற்றுச் செல்லும் பாடகனின் ஜீவனம் நல்ஜீவனமாகுமோ என அன்பர் சிலர் நம்மை வினவினர்.

பகவான் புத்தர் உபாசகர்க்கு விலக்கிய வணிகங்கள் ஐந்து: ஆயுதம், உயிர், ஊன், மது, நஞ்சு. பாட்டு அவற்றில் இல்லை. எட்டுச் சீலம் காக்கும் உபோசத நாளில்தான் உபாசகர்க்கு அது விலக்கு. எனினும் தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன், தன் தொழில் தேவலோகம் சேர்க்குமோ என விடாது கேட்டபோது, காமமும் கோபமும் நீங்காத மக்களிடம் அவற்றையே மேலும் மூட்டுவோன் நரகடைவான் என்றருளினார் பகவான். தாலபுடன் அழுதான், பின் துறவு பூண்டு அருகனுமானான். பஞ்சசிகனின் யாழிசையையோ பகவான் தாமே பாராட்டினார்.

ஆனால் மூட்டச் சொல்வோர் யார்? கொச்சி மட்டாஞ்சேரிப் பகுதியில் மெஹபூப் என்றொரு பாடகர் இருந்தார். 1951-இல் வந்த ‘ஜீவித நௌகா’ படத்தில் பாடியவர். கலியாண வீடுகளில் பாடியே ஊராரின் நெஞ்சில் அமர்ந்தவர். 1981-இல், செல்வம் ஏதும் சேர்க்காமலே மறைந்தார். கேட்டு மகிழ்ந்தோர்தாம் எத்தனை பேர்!

விரசப் பாட்டு வேண்டுமென்பவரும், பாடகன் கையில் மதுக்கிண்ணம் வைப்பவரும், கூலியை நாளை என்பவரும் சபையோரே. மறுத்தால் அவனுக்கு அடுத்த கச்சேரி இல்லை. அவன் குற்றமற்றவன் என்று நாம் கூறவில்லை. அவனை மட்டும் பழிப்பது தம்மமன்று என்கிறோம். பிடி நெல்லுக்குப் பறை கொட்டும்படி நம் பாட்டன்மார் கட்டாயப்படுத்தப்பட்டதை மறந்தோமா?

வைசாகப் பௌர்ணமிக்கு வரும் வாத்தியக்காரர்க்கு நம்முடன் ஒரே பந்தியில் சோறிடுவோம். வண்டியேறுமுன் கூலியை எண்ணிக் கொடுப்போம். அவருள் ஒருவர் சீலம் கேட்பின், அன்றே அளிப்போம்.