நிக்காஹ்வுக்கு முன் ஓர் எழுத்து



நாம் வியாபாரஸ்தர்கள். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தோட்டத்து ஜனங்களுக்குக் கடனில் சாமான் கொடுத்த நம் முன்னோர், அரைக்கால் மிளகாயைக்கூடச் சிட்டையில் எழுதாமல் விட்டதில்லை. தவணைக் கடனை எழுதிச் சாட்சி வைக்கும்படி அல்லாஹுத் தஆலா பகரா சூராவின் 282-ஆம் ஆயத்தில் கட்டளையிட்டிருக்கிறான். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து அதுதான். ஆனால் மகளுக்கு நிக்காஹ் பேசும்போது மட்டும், "சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு?" என்கிறோம். கைக்கூலி பேசக் கூசாத வாய் இதற்குக் கூசுகிறது!

மணமகள் போட்டு வரும் நகை எங்கே போகிறது? சரக்கெடுக்கப் பணம் முடையானால் அடகுக்குப் போகிறது, பிறகு விலையாகிறது. அது அவளிடம் வாங்கிய கடனா, கடையில் அவள் பங்கா, மனமுவந்த அன்பளிப்பா? எழுத்தில்லை. பிற்காலத்தில் அண்ணன் தம்பிகள் கடையைப் பிரிக்கையில் ஐந்தொகையில் அவள் பெயரே இராது. கணவர் மவ்த்தானாலோ, பிள்ளைகள் உள்ளவளுக்கு வாரிசுப் பங்கு எட்டில் ஒன்று. அதைப் பிரிப்பதற்கு முன்பே நகைக் கடனும் மஹர் பாக்கியும் தீர்க்கப்பட வேண்டும் என்று மய்யித்து வீட்டில் எழுந்து சொல்பவர் யார்?

மனைவியின் பொருள் மனைவிக்கே என்பது நம் ஷரீஅத். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் சொந்த முதலில் வாணிபம் செய்தவர்கள். ஆகவே ஒப்பந்தம் எழுதுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்நாட்டில் மாப்பிள்ளை தஃலீக்கில் கையெழுத்திடுகிறாரே, அதுவும் ஒரு நிபந்தனைப் பத்திரந்தான்.

ஆண்களுக்கும் இதில் நன்மையுண்டு. கெடாவில் 2008-ஆம் ஆண்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம் இருக்கிறது. தலாக் ஆனால், இல்வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து தேடிய சொத்தை 'ஹர்த்தா செப்பென்சாரியான்' என்று ஷரீஅத் கோர்ட்டார் பங்கிடுவர். முன்பே இருந்த கடையானாலும், மனைவியின் உழைப்பால் வளர்ந்திருந்தால் அந்த வளர்ச்சி வழக்குக்கு வரலாம். நிக்காஹ் அன்று கடையில் முதல் எவ்வளவு, கூட்டாளிகள் பங்கு எவ்வளவு என்று எழுதியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை, வாரிசுப் பங்கு இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா எனக் கேட்கும் புத்திசாலிகளும் நம்மில் உண்டு. அது செல்லாது. அல்லாஹ் விதித்த பங்கை நம் பேனா அழிக்காது.

நிக்காஹ் தேதி குறித்திருப்பவர்கள் நகை எடை போடும் அன்றைக்கே பவுன் கணக்கை இரண்டு பிரதிகளில் எழுதி, இரு வீட்டாரும் கையொப்பமிட்டு, ஒன்றைப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மற்ற நிபந்தனைகளை ஷரீஅத் வக்கீலிடம் காட்டி எழுதிக்கொள்ளலாம்.