11-ஆம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் நாம் முதலில் கேட்பது, "எத்தனாம் நம்பர்?" என்றுதான். ஒன்று, மூன்று என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறோம். அந்த வரிசையில் கடைசி எண் 11. அது காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. எச்சரிக்கை தரும் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று சொல்வது. இனி யாரும் உனக்குச் சொல்ல வரமாட்டார்கள், நீயே முடிவெடு என்று சொல்வது.

தயாராவது என்றால் அந்த 11-க்குத் தயாராவதுதான்!

புயல் அடித்த 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் கிடைக்காமல் நின்றது. கும்மிருட்டு, கொட்டும் மழை. என்ன நடக்கிறது என்று கேட்க ஆளில்லை. எழும்பி வந்த அலை, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு ரயிலை வாரிக்கொண்டு போனது. அவர்கள் கோழைகளா? அசட்டையாக இருந்தவர்களா? இல்லை. அவர்களுக்குத் தகவல் இல்லை. நமக்கு இருக்கிறது! புயல் சின்னம் கடலில் உருவாகும்போதே செய்தி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அப்படிக் கிடைத்த நாட்களை, "ராமநாதசாமி பார்த்துக்குவாரு" என்று சும்மா கழிப்பவர்களைக் கண்டால் என் நெஞ்சு பதறுகிறது. கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பையைக் கட்டுங்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் அப்படியொரு பையைப் பார்த்தேன். ஐப்பசி பிறந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஏறிவிடுமாம். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், படகுப் பதிவுச் சான்று, பாஸ்புக் எல்லாம் பாலிதீன் உறைக்குள். உறையின் வாயை மெழுகுவர்த்திச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள். மாமியாருக்கு 10 நாளைக்கான சர்க்கரை மாத்திரை, டார்ச், தனியாகப் பேட்டரி, அவல், பொட்டுக்கடலை, வெல்லம். பிள்ளையின் கையெழுத்தில் ஒரு நோட்டுத்தாள் நிறைய போன் நம்பர்கள். செல் அணைந்துபோனால் யாருக்கு எந்த நம்பர் ஞாபகம் இருக்கும்? மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று முதல் இரண்டு வரிகள். அந்த அக்கா சொன்னார்: "தண்ணி வர்ற நேரத்துல தேடக் கூடாது தம்பி, எடுக்கணும்."

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பேய்க்காற்று சட்டென்று ஓய்ந்தால், புயல் போய்விட்டது என்று வெளியே ஓடக் கூடாது. புயலின் கண் நம் தலைக்கு மேலே நிற்கலாம். அது நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வெறியோடு அடிக்கும். படகைப் பார்க்கவும் கூரையைப் பிடிக்கவும் ஓடுகிறவர்களை அந்த அமைதிதான் ஏமாற்றும்.

கூண்டு ஏறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் புயலே இல்லை. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

"கடலுக்கு முன்னால நாம என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களே, பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள்! அதே 1964 புயலில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. சீர்செய்ய ரயில்வே குறித்த கெடு 6 மாதம். 32 வயதுப் பொறியாளர் ஸ்ரீதரனும் தொழிலாளர்களும் 46 நாளில் முடித்தார்கள். விழுந்த கர்டர்கள் கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று கண்டு சொன்னவர்கள் யார்? நம் மீனவர்கள்! நீரோட்டத்தையும் வாடைக்காற்றையும் உடம்பால் படித்தவர்கள். அந்த இரத்தம்தானே உங்கள் உடம்பிலும் ஓடுகிறது? இரும்பைக் கடலுக்குள் தேடிக் கண்டுபிடித்த ஊருக்கு ஒரு பையைக் கட்டுவதா பெரிய வேலை?

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யாரும் எழுந்திருக்க வேண்டாம். டிவியை அணையுங்கள். புயல் பாதுகாப்பு மையத்துக்கு எந்த வழியாகப் போவது, பாட்டியின் கையை யார் பிடிப்பது, அப்பா கடலிலோ கரை வேலையிலோ இருந்தால் எங்கே வந்து சேர்வது என்று பேசி முடியுங்கள். முதலில் உங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளையைக் கேளுங்கள்: "கரண்டும் போனும் போயிருச்சு, நாங்க யாரும் பக்கத்துல இல்ல. நீ எங்க போவ?"