எந்த ஆணி பொருந்தும்?

பழைய தட்டச்சுப்பொறியை மேசையோடு பிணைக்கச் சரியான போல்ட் எது என்பதை இரும்புக்கடையில் கேட்பதுதான் வழக்கம். சைவ சித்தாந்தத்திடமும் கேட்கலாம். எது எதனோடு கட்டுண்டிருக்கிறது, எவ்வளவு காலம், அந்தக் கட்டு எப்போது கேடாகிறது என்பதை 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரிலிருந்து இன்றுவரை விவாதித்து வரும் மரபு அது. நம்மில் பலர் அந்த விவாதத்தை ஒரே வரியில் சுருக்கி வைத்திருக்கிறோம்: பாசம் கெட்டது, அது அறவேண்டும். அந்தச் சுருக்கம் போதாது என்று நினைக்கிறேன். பொருந்தக் கட்டியதுதான் சேதமில்லாமல் அவிழும். அறுக்கும் ஆசையில் கட்டும் கலையை மறந்தவருக்கு இரண்டுமே வாய்ப்பதில்லை.

அலுவலகங்களுக்கென்று செய்த பெரிய பொறி பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். அப்படியிருந்தும், வேகமாக அடிக்கையில், ஒவ்வொரு வரி முடிவிலும் வண்டியைத் தள்ளுகையில், அது மேசைமேல் மெல்ல நகரும். பொறியை உள்ளே மடித்து வைக்கும் மேசைகளில் நகர்வதோடு நிற்காது, கவிழ்ந்தே போகும். அதனால் பலகைக்கு அடியிலிருந்து போல்ட் ஏற்றி, கால்களில் வெட்டியுள்ள புரியில் முடுக்கினார்கள். கொழும்பில் இந்த வேலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே ஆங்கிலப் பொறிகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்தன. தமிழ்ப் பொறியை, 1886இல் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா வடிவமைத்து, ஜேர்மனியின் சைடல் அண்ட் நௌமான் நிறுவனத்தில் செய்வித்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய நொத்தாரிசின் அறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்று அங்குலக் கணக்கில் வளர்ந்த நாட்டுப் பிள்ளை, மற்றது மில்லிமீற்றர் கணக்கில் வளர்ந்த நாட்டுப் பிள்ளை. போதாக்குறைக்குத் தமக்கென்றே தனிப் புரி வைத்திருந்த தொழிற்சாலைகளும் இருந்தன.

பழைய சோனகத் தெருவில் கால் அங்குல போல்ட் கேட்டால் கிடைக்கும். கேள்வி அதோடு முடியவில்லை. 1841இல் ஜோசப் விட்வேர்த் இங்கிலாந்துக்கு வகுத்த புரியின் கோணம் 55 பாகை. 1864இல் வில்லியம் செலர்ஸ் அமெரிக்காவுக்கு முன்வைத்தது 60 பாகை. கால் அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 20 புரிதான். ஆகவே ஒன்றின் போல்ட் மற்றதன் துளைக்குள் சுழன்று போய்விடும், பிடிக்கவும் செய்யும். கோணம் ஒவ்வாததால் புரியின் முகம் முழுவதும் படியாமல் விளிம்புகளில் மட்டும் பாரம் இறங்கும். 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 60 பாகைக்கு உடன்பட்டன. அதற்கு முன் பிறந்த பொறிகளுக்கு அந்த உடன்பாடு தெரியாது. இன்று எங்கும் கிடைக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட் இன்னும் மோசம். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், புரி இடைவெளியும் வேறு. இரண்டொரு சுற்றில் அது இறுகும், அந்த இறுக்கத்தைப் பிடிப்பென்று நம்பி ஸ்பானர் போட்டால் உள்ளே புரி சிதையும். முற்றிலும் பொருந்தாத ஆணி வாசலிலேயே நின்றுவிடுகிறது, அதனால் கெடுதியில்லை. ஏறக்குறையப் பொருந்துவதுதான் கெடுக்கிறது. ஒருமுறை பிழையான ஆணிக்கு இடங்கொடுத்த புரி, பிறகு சரியான ஆணி வந்தாலும் அதைப் பிடிக்காது. உயிரின் இயல்பாகச் சித்தாந்தம் சொல்லும் சார்ந்ததன் வண்ணமாதலுக்கு இதைவிடத் தெளிவான காட்சியளவையை நான் அறியேன். உயிர் தனித்து நிற்பதில்லை, எதையாவது சார்ந்தே நிற்கும், சார்ந்ததன் வடிவத்தை ஏற்கும். எனவே கட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் கட்டு என்பதே கேள்வி.

இதற்குக் கோயிலில் வலுவான சான்று இருக்கிறது. கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1856இல் எழுப்பி, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் போகிறவருக்கு, எல்லாமே என்றென்றைக்குமாக நிறுத்தியவை என்றுதான் தோன்றும். தூண்கள் அப்படித்தான். ஆனால் சிவாலயங்களில் மூர்த்தியைப் பீடத்தோடு இணைப்பது அட்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து நெடுநேரம் இடித்து இளக்கி, இளகிய பதத்திலேயே சாத்துகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது வழக்கு. அதற்குமுன் பாலஸ்தாபனம் செய்து சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். உலோகத்தை உருக்கி வார்த்து ஒரேயடியாகப் பிணைத்திருக்கலாமே? பஞ்சலோகத் திருமேனிகளை வார்த்தவர்களுக்கு அது தெரியாத வித்தையல்ல. தெரிந்தும் மெழுகையும் வெண்ணெயையும் எடுத்தார்கள். இடைவெளிக்கேற்ப வளைவது மருந்து. மருந்துக்காக மூர்த்தியைச் செதுக்குவதில்லை. முதலில் நலிவதும் மருந்தே, அது நலிவதால் கல் நலியாமல் நிற்கிறது. பொன்னால் செய்யும் சுவர்ணபந்தனம் இதைவிட நெடுங்காலம் நிற்கும் என்பார்கள். அங்கும் விதி மாறவில்லை, பொன் கருங்கல்லைவிட மென்மையானது.

ஆகவே, துளையையே 6 மில்லிமீற்றருக்கு வெட்டிக்கொண்டால் என்ன, பொறி உங்களுடையதுதானே என்று சொல்பவருக்கு என் பதில் இதுதான்: விட்டுக்கொடுக்கும் வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். முதலில் ஆணி தேயட்டும், பிறகு பலகை, பொறி கடைசி. பலகையில் புதுத்துளை போடுவது பிழையல்ல. தேடியும் கிடைக்காவிட்டால், கடைசல் பட்டறையில் பழைய புரிக்கேற்ப ஆணி கடைந்து தருவார்கள். செலவுதான், ஆனாலும் அது சரியான இடத்தில் விழும் செலவு.

இன்னொரு மறுப்பு பௌத்தத்திலிருந்து வரும், கொழும்பில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்கவும் முடியாது. பற்றே துக்கத்தின் வேர் என்றால் நல்ல பற்றென்று ஒன்றைத் தேடுவது ஏன்? மச்சிம நிகாயத்தின் தெப்ப உவமையையே பார்ப்போம். அக்கரை சேர்ந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரிவது மடமை என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புல்லையும் குச்சியையும் கிளையையும் சேர்த்துக் கட்டித்தான் அவன் ஆற்றைக் கடந்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டு நடு ஆற்றில் தளர்ந்திருந்தால், விடுவதைப் பற்றிப் பேச அவன் இருந்திருக்க மாட்டான்.

நல்ல கட்டும் கவனிக்காமல் விட்டால் கெட்டதாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த சன்னல் உள்ள வீட்டில் உப்புக்காற்று இரும்பை விடாது. சரியான புரி, சரியான நீளம், அளவான முடுக்கு எல்லாம் இருந்தும் சில ஆண்டில் துரு ஆணியையும் துளையையும் ஒன்றாக்கிவிடும். யாரும் கேட்காமலே கட்டு தன்னை நிரந்தரமாக்கிக்கொள்கிறது. செம்பில் களிம்பு என்று ஆணவத்தைச் சொன்னவர்கள் நினைத்தது இதைத்தான்: வெளியிலிருந்து யாரும் பூசியதல்ல, ஒட்டியே இருப்பது. துருவேறா எஃகு ஆணி இதற்கு முழுத் தீர்வாகாது. உப்பீரத்தில் தான் துருவேறாமல் பக்கத்து இரும்பின் அரிப்பை அது விரைவுபடுத்தக்கூடும். நாகப் பூச்சுள்ள சாதாரண ஆணியைக் கொஞ்சம் கிறீஸ் பூசிப் போடுவதே மேல், ஏனென்றால் நாகம் இரும்புக்கு முன் தான் அரிந்துபோகும். ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். கோயில்காரர் பன்னிரண்டு ஆண்டு கணக்கு வைத்ததைச் சடங்கென்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்தப் பராமரிப்புக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்க வாசகர் ஒருவர் இங்கே கையுயர்த்துவார். அவிழ்க்கவே கூடாது என்பதால்தான் சரியாகும் கட்டும் உண்டு, புனித லூசியாள் பேராலயத்தில் கொடுக்கும் திருமண வாக்கு அப்படிப்பட்டது என்பார். இந்த மறுப்பை என்னால் முழுதாகத் தள்ள முடியாது. அந்த வாக்குக்கும் மரணம் என்ற எல்லை உண்டு என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் அது வக்கீல் பதில். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மேசைக்கும் பொறிக்கும் நடுவே ஆணி மூன்றாவது பொருள். இரண்டில் ஒன்றுக்கும் அது சொந்தமில்லை, தேய்ந்தால் மாற்றலாம். வாக்குக் கொடுத்த இருவருக்கு நடுவே அப்படி மாற்றக்கூடிய மூன்றாவது ஒன்று இல்லை, அவர்களேதான் கட்டு. என் வாதம் ஆணி இருக்கும் இடம்வரைதான் செல்லும். சடங்கு, விரதம், சங்கம், மொழிப்பற்று, நாம் பழகிய கோயில் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். மொழிப்பற்றை அங்கே வைத்ததற்குச் சண்டைக்கு வருவார்கள் என்பதும் தெரியும்.